நன்னீர் ஏரிக் கொள்ளையர்: ஏரியில் கொள்ளையடித்தவன் எங்கே ஓடுவான்?

மஞ்சக்குப்பத்தான்

நேராகக் கேள்விக்கே வருகிறேன். உலகத்தில் பல நன்னீர் ஏரிகளில் கொள்ளையர்கள் இருந்திருக்கிறார்கள், படகில் வந்து கப்பலை மறித்துச் சரக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், சில இடங்களில் கோட்டையே கட்டி வாழ்ந்திருக்கிறார்கள் என்று படித்தேன். எனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது. கடலில் அடித்தவன் அடிவானம் தாண்டிப் போய்விடுவான். ஏரிக்கு நாலு பக்கமும் கரை. நம்ம வீராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 16 கிலோமீட்டர் நீளம், கரை மேலேயே சாலை, லால்பேட்டையில் ஒன்று நடந்தால் சேத்தியாத்தோப்புக்கு அடுத்த நிமிஷம் போன் வந்துவிடும். அப்படியிருக்க ஏரியில் கொள்ளையடித்தவன் எங்கே ஓடுவான், பொருளை யாரிடம் விற்பான்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள், அவசரமில்லை. ஒற்றைக்கண் கட்டு, தோளில் கிளி எல்லாம் வேண்டாம். நடந்தது மட்டும் போதும்.

காட்டுமன்னார்கோவில் மடைக்காரன்

வீராணத்தில் கொள்ளைக்கு வழியே இல்லை தம்பி, ஏனென்றால் அதன் மேல் சரக்கு போனதே கிடையாது. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது, அன்றிலிருந்து அது பாசன ஏரி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வரும், மடை வழியாக வயலுக்குப் போகும், 2004லிருந்து சென்னைக்கும் போகிறது. நெல் மூட்டை வண்டியில் கரை மேல் போனதே தவிர தண்ணீர் மேல் போகவில்லை. திருட்டு என்றால் மீன்பாசி குத்தகை எடுத்தவருக்குத் தெரியாமல் ராத்திரி வலை போடுவது, முறை மீறி மடையைத் திறப்பது, அவ்வளவுதான். அதிலும் அடிதடி, தலை உடைந்த கதை உண்டு. ஆனால் நீங்கள் கேட்கும் சங்கதி அது இல்லை.

லாஸ்பேட்டை நூலகன்

மடைக்காரர் சொன்னதே பாதி பதில். ஏரி பாதையாக இருந்த இடத்தில்தான் கொள்ளை வந்தது.

முதலில் ‘ஏரி’ என்றதும் நம் கண்ணில் வரும் அளவைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி சுமார் 68,800 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி தெற்கு வடக்காக 490 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் கரை தெரியாது, புயலில் பெரிய கப்பல்களே முழுகியிருக்கின்றன. அங்கே ரயில் வருவதற்கு முன்பும், வந்த பிறகு வெகு காலத்துக்கும் மரம், தானியம், இரும்புத்தாது எல்லாம் தண்ணீர் மேல்தான் போனது.

மிச்சிகன் ஏரியில் எல்லோரும் சொல்லும் பெயர் டான் சீவி. 1865இல் பிறந்தவர், ‘வாண்டரர்’ என்று ஒரு பாய்க்கப்பல் வைத்திருந்தார். 1908 ஜூன் மாதம் கிராண்ட் ஹேவன் துறையில் ‘நெல்லி ஜான்சன்’ என்ற கப்பல் நிற்கிறது, ஏற்றியிருந்தது தேவதாரு வேலிக்கம்பங்கள். மாலுமிகளோடு உட்கார்ந்து குடித்து, அவர்களை மட்டையாக்கிவிட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சிகாகோவில் விற்கப் பார்த்தார், வாங்க ஆள் இல்லை. டஸ்கரோரா என்ற அரசாங்க நீராவிக் கப்பல் நாள்கணக்கில் துரத்தி, ஜூன் 29 அன்று பிராங்க்ஃபர்ட் ஊருக்குப் பக்கத்தில் பிடித்தது. பத்திரிகைகள் கடற்கொள்ளை வழக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டன. கடைசியில் கப்பல் உரிமையாளர் சாட்சி சொல்ல வராததால் விட்டுவிட்டார்கள். 1949 வரை உயிரோடு இருந்தார். கரையில் பொய் விளக்கு காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள், அது ஊர்க்கதையாக வளர்ந்தது, நான் அதைச் சரித்திரத்தில் சேர்க்க மாட்டேன்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது மஞ்சக்குப்பத்தார் கேட்ட இரண்டாவது கேள்வி. அவர் மாட்டியதற்குக் காரணமே விற்க முடியாததுதான். கப்பலைத் திருடுவது ஒரு ராத்திரி வேலை, அந்தக் கம்பங்களை வாங்க ஒருத்தன் வேண்டுமே.

பாகூர் பொண்ணு

அண்ணா, இதை நான் கொள்ளைக்காரர் கதையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். குடிக்க வைத்துக் கப்பலை ஓட்டிப்போன ஒரு திருடன். கூட்டமாக, வருஷக்கணக்கில், ஏரியையே கையில் வைத்திருந்தவர்கள் உண்டா?

லாஸ்பேட்டை நூலகன்

உண்டு தங்கச்சி. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் மஜோரே ஏரி. 1402இல் மிலான் பிரபு ஜான் கலியாத்சோ விஸ்கொந்தி செத்துப்போகிறார், ராஜ்யம் ஆட்டம் காண்கிறது. அந்த இடைவெளியில் மத்ஸார்தி என்ற குடும்பத்தின் சகோதரர்கள் கன்னேரோ ஊருக்கு எதிரே இருக்கும் குட்டித் தீவுகளில் கோட்டை கட்டிக்கொண்டு, சுற்றியிருக்கும் கரை ஊர்களையெல்லாம் பத்து வருஷத்துக்கு மேல் சூறையாடினார்கள். 1414இல் பிலிப்போ மரியா விஸ்கொந்தி படை அனுப்பி, கோட்டையைச் சுற்றி வளைத்து, சோறு தண்ணீர் இல்லாமல் பணிய வைத்து இடித்துத் தள்ளினார். இப்போது அங்கே சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் இடிபாடு பின்னால் 1500களில் பொரோமியோ குடும்பம் கட்டியது.

ஜப்பானில் பிவா ஏரி இன்னும் சுவாரசியம். ஏரி ஓரிடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கும், அந்த ஒடுக்கத்தில் கட்டாட்டா என்ற ஊர். கியோட்டோவுக்குப் போகும் அரிசியும் மரமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கட்டாட்டாக்காரர்கள் சுங்கம் வாங்கினார்கள். கொடுத்தால் அவர்கள் ஆள் ஒருவர் உங்கள் படகில் ஏறிக்கொண்டு கூடவே வருவார், அவர் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். கொடுக்காவிட்டால் தொடுவது யார் என்றால் அதே ஊர்க்காரர்கள்தான். காவலும் கொள்ளையும் ஒரே கையில். இது தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1468இல் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனுடைய சரக்கையே பிடுங்கிவிட, மலை மேல் இருந்த என்ரியாக்கு மடத்தின் ஆட்களை ஏவி ஊரைக் கொளுத்தினார்கள். தப்பியவர்கள் ஏரியில் இருக்கும் தீவுக்கு ஓடிப்போய், கொஞ்ச வருஷத்தில் திரும்பி வந்து ஊரை மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

மஞ்சக்குப்பத்தான்

இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. தீவு ஒன்று வேண்டும், அல்லது ஒடுக்கமான வழி. அப்புறம், மேலே இருக்கும் அரசாங்கம் தளர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு சந்தேகம். கடல் கொள்ளையர்கள் ஏரிக்குள் வந்ததுண்டா? ஆற்று வழியாக?

லாஸ்பேட்டை நூலகன்

மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவா ஏரி. இதைப் பற்றி நாள் முழுக்க எழுதலாம், எனக்கு மிகவும் பிடித்த கதை.

ஏரி சுமார் 8,200 சதுர கிலோமீட்டர், நன்னீர், ஆனால் உள்ளே சுறா உண்டு, சான் ஹுவான் ஆறு வழியாகக் கரீபியன் கடலிலிருந்து ஏறி வருகிறது. சுறா வந்த வழியில் மனிதனும் வந்தான். ஏரியின் மேற்குக் கரையில் கிரனாடா, ஸ்பானியர்களின் பணக்கார ஊர். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிறோமே, யார் வரப்போகிறார்கள் என்று மதில்கூட இல்லாமல் நிம்மதியாக இருந்தார்கள். 1665இல் ஹென்றி மார்கன் என்ற கடற்கொள்ளையர் வந்தார். கப்பலைக் கடலோரம் விட்டுவிட்டு, நூறு பேர் அளவில் தோணிகளில் ஏறி, எதிர்நீச்சலில் ஆற்றில் 190 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு மேலே வருகிறார்கள். நடுநடுவே பாறையும் வேகமும் உள்ள இடங்களில் தோணியைத் தோளில் தூக்கிக் கரையோரம் நடக்க வேண்டும். ஏரிக்குள் நுழைந்த பிறகு ராத்திரி மட்டும் துடுப்பு, பகலில் தீவுகளில் பதுங்கல். பட்டப்பகலில் ஊருக்குள் புகுந்து பீரங்கிகளைக் கவிழ்த்து, பெரிய மனிதர்களைப் பிடித்துக் கோயிலுக்குள் அடைத்து, வேண்டியதை அள்ளிக்கொண்டார்கள். கிளம்பும்போது செய்த ஒரு காரியம்தான் உங்கள் கேள்விக்குப் பதில். துறையில் இருந்த படகுகளை எல்லாம் மூழ்கடித்துவிட்டார்கள். ஏரியில் துரத்துகிறவனுக்குப் படகு இல்லையென்றால் ஏரியும் கடல்தான்.

1670இல் மறுபடி ஆற்று வழியாகவே இன்னொரு கூட்டம் வந்தது. பிறகுதான் ஸ்பானியர்களுக்குப் புத்தி வந்து, ஆற்றில் தோணி தானாகவே வேகம் குறைக்க வேண்டிய இடம் பார்த்து, பாறை அருவிக்கு மேலேயே ஒரு கோட்டை கட்டினார்கள். 1675இல் முடிந்தது. எல் கஸ்தில்யோ என்று இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு 1685இல் வந்தவர்கள் பசிபிக் பக்கத்திலிருந்து நடந்தே வந்து கிரனாடாவைக் கொளுத்தினார்கள், பாருங்கள். கோட்டையை 1762இல் ஆங்கிலேயரிடமிருந்து காப்பாற்றியது ரஃபேலா ஹெர்ரெரா என்ற 19 வயதுப் பெண், அப்பாதான் கோட்டைத் தளபதி, அவர் செத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. 1780இல் நெல்சன், பின்னால் டிரஃபால்கர் போரில் பேர் வாங்கிய ஆங்கிலக் கடற்படை நெல்சனேதான், கோட்டையைப் பிடித்த படையில் இளம் அதிகாரியாக வந்தார். பிடித்தும் பலனில்லை, காய்ச்சலில் படை கொத்துக்கொத்தாகச் செத்தது, அவரே குற்றுயிராகத் திரும்பினார்.

தேவனாம்பட்டினம் வலைக்காரன்

நான் பெரும்பாலும் படிச்சிட்டுப் போயிடுவேன், எழுதுறதில்லை. படகை மூழ்கடிச்சாங்கன்னு சார் எழுதினதைப் படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு.

இந்தக் கதையில எல்லாம் கப்பல், கோட்டை, ராஜா வர்றாங்க. மீன் பிடிக்கிறவனைக் கொள்ளையடிச்ச கதை ஏரியில உண்டா? ஏன் கேக்குறேன்னா எங்க ஆளுங்க கோடியக்கரைப் பக்கம் மீன்பாட்டுக்குப் போறப்ப நடக்குறது அதுதான். இருட்டுல ஒரு படகு வந்து ஒட்டும், நாலஞ்சு பேர் கத்தி, கட்டையோட ஏறுவாங்க. பணம் இருக்கான்னு கேக்க மாட்டாங்க, கடல்ல எவன் பணம் வச்சிருக்கான்? ஜிபிஎஸ், வாக்கிடாக்கி, பேட்டரி, இன்ஜின், வலை, பிடிச்ச மீன். வலையை அறுத்துக்கூட எடுத்துட்டுப் போவாங்க. என் சித்தப்பா மகன் படகுல அப்படி நடந்து, கரைக்கு வந்து புகார் குடுக்கப் போனா, எந்த எல்லையில நடந்துச்சு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னுதான் முதல் கேள்வி. இருட்டுல அடி வாங்குறவனுக்கு எல்லை எப்படிங்க தெரியும்? ஜிபிஎஸ்ஸைத்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே.

உப்பளம் வக்கீல்

அண்ணே, நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்த இழையிலேயே முக்கியமானது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

விக்டோரியா ஏரியில் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கிறது, இன்றைக்கும். ஏரியை மூன்று நாடுகள் பங்கு போட்டிருக்கின்றன. தான்சானியாவுக்குப் பாதி, உகாண்டாவுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல், கென்யாவுக்கு வெறும் 6 சதவீதம். ஆனால் கென்யாக் கரையில்தான் மீனவர் கூட்டம் நெருக்கம். 1950களிலும் 60களிலும் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள், அது உள்ளூர்ச் சின்ன மீன்களைத் தின்று பெருகி, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சரக்காகிவிட்டது. அதன் காற்றுப்பை சீனாவுக்குப் போகிறது, அதற்குத் தனி விலை. மீனுக்கு விலை வந்ததும் படகுக்கு மோட்டார் வந்தது. மோட்டார் வந்ததும் கொள்ளையரும் வந்தார்கள். அவர்கள் குறி வைப்பதும் இன்ஜினையும் வலையையும்தான்.

அங்கே வெளியே மாட்டும் மோட்டார். படகின் பின்பலகையில் இரண்டு கைத்திருகால் இறுக்கியிருப்பார்கள், அந்த இரண்டையும் தளர்த்திவிட்டுத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அதைத் தூக்கிக் கொள்ளையர் படகில் வைத்துவிட்டால் உங்கள் படகு வெறும் கட்டை. துரத்தவும் முடியாது, கரைக்கு வரவும் முடியாது, காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போக வேண்டும். கிரனாடாவில் மார்கன் படகுகளை மூழ்கடித்ததும் இதுவும் ஒன்றுதான், இங்கே கொள்ளையடித்த பொருளே துரத்த முடியாமல் செய்த கருவியும் ஆகிறது. விற்பதற்கும் கஷ்டமில்லை, எதிர்க்கரையில் இன்னொரு நாட்டில் அதே மாதிரி மோட்டார் தேடும் மீனவர் இருப்பார், வாங்கிக்கொள்வார்.

இன்னொரு கொடுமை விளக்கு. ராத்திரியில் விளக்கு வைத்து நெத்திலி மாதிரிச் சின்ன மீன் பிடிப்பார்கள். மீனை இழுக்க வைத்த விளக்கு, இந்தப் படகு இங்கே இருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

மிகிங்கோ என்று ஒரு பாறைத் தீவு இருக்கிறது, ஒரு ஏக்கர்கூட இருக்காது, தகரக் கொட்டகைகள் பாறையை முழுக்க மூடியிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கொள்ளையர் தொல்லை அதிகமானதும் உகாண்டா போலீஸ் அங்கே 2004இல் வந்து கொடி நட்டு, பாதுகாப்புத் தருகிறோம் என்று மீனவர்களிடம் வரி வாங்க ஆரம்பித்தது. கென்யா, தீவு எங்களுடையது என்கிறது. இரண்டு அரசாங்கமும் தீவுக்காகச் சண்டை போட்டார்கள். மீனவருக்குக் கொள்ளையர் பயம் ஒரு பக்கம், பாதுகாக்க வந்தவருக்குக் கட்டும் காசு மறுபக்கம்.

மஞ்சக்குப்பத்தான்

அக்கா, பிவா ஏரிக் கட்டாட்டா கதையும் இதுவும் ஐந்நூறு வருஷ இடைவெளியில் ஒரே மாதிரி இருக்கிறதே.

உப்பளம் வக்கீல்

அதேதான். இப்போது சட்டப் பக்கம் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓடுவதற்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு முழுப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஐ.நா. கடல் சட்டம் 1982, அதன் 101ஆவது பிரிவு கடற்கொள்ளை எது என்று சொல்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நீரில் நடக்க வேண்டும், தனிப்பட்ட நோக்கத்துக்காக நடக்க வேண்டும். அப்படி நடந்தால் எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம். ஏரியில் அந்த மாதிரி பொது நீர் கிடையாது, கடைசிச் சொட்டு வரைக்கும் ஏதோ ஒரு நாட்டுக்குச் சொந்தம். கேட்க நன்றாக இருக்கிறது, பலன் தலைகீழ். கடலில் கொள்ளையனை யாரும் துரத்தலாம், ஏரியில் எல்லைக்கோடு வரைக்கும்தான் துரத்தலாம். எல்லைக்கோட்டைத் தாண்டினால் துரத்தும் போலீஸே அத்துமீறியவர் ஆகிவிடுவார். கொள்ளையனுக்கு அந்தக் கவலை இல்லை.

அமெரிக்கா–கனடா ஏரிகளில் இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெட்ராய்ட் ஆற்றில், கனடாப் பக்கத்து நீரில், ஓர் அமெரிக்க நீராவிக் கப்பலில் நடந்த தாக்குதலை எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்று வழக்கு. 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தப் பெரிய ஏரிகளையும் ஆழ்கடல் மாதிரியே கருதி விசாரிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு பெரிய நீருக்கு வேறு வழியில்லை.

டெக்சாஸ்–மெக்சிகோ எல்லையில் ஃபால்கன் ஏரி இருக்கிறது, 1954இல் அணை கட்டியதால் வந்த நீர்த்தேக்கம், எல்லை ஏரிக்கு நடுவில் போகிறது, கான்கிரீட் தூண்கள் நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். 2010இல் மெக்சிகோப் பக்கம் மீன்பிடிக்கப் போனவர்களை ஆயுதத்தோடு மறித்துப் பறித்த சம்பவங்கள் நடந்து, தூணைத் தாண்டிப் போகாதீர்கள் என்று டெக்சாஸ் போலீஸ் எச்சரிக்கை கொடுத்தது. அதே வருஷம் ஓர் உயிரும் போனது. போலீஸ் அந்தத் தூண் வரைக்கும்தான் போக முடியும்.

பாகூர் பொண்ணு

அக்கா, ‘தனிப்பட்ட நோக்கத்துக்காக’ என்று சட்டம் சொல்கிறது என்றீர்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. ஏரிக் கொள்ளையர் என்று புத்தகங்களில் வரும் பலர் கொள்ளையரே இல்லை, அரசாங்கத்தை எதிர்த்தவர்கள்.

சீனாவில் துங்திங் ஏரி. 1130இல் ஜோங் சியாங் என்பவர் தலைமையில் ஏழை விவசாயிகள் கிளம்புகிறார்கள், பணக்காரன் ஏழை வித்தியாசத்தைச் சமப்படுத்துவோம் என்பது அவர்கள் கோஷம். அவரைக் கொன்ற பிறகு யாங் யாவ் தலைமைக்கு வந்தார். கரையில் உழுவார்கள், படை வந்தால் ஏரியில் இறங்கிச் சண்டை. இவர்கள் கையில் அரசாங்கத் தச்சர் ஒருவர் சிக்கினார், காவ் சுவான் என்று பெயர், அவர் சக்கரக் கப்பல் கட்டத் தெரிந்தவர். கப்பலின் இரண்டு பக்கமும் சக்கரம், உள்ளே ஆட்கள் காலால் மிதிக்க மிதிக்க ஓடும், காற்றும் வேண்டாம் துடுப்பும் வேண்டாம். இருபதுக்கு மேல் சக்கரம் வைத்த கப்பல்கூட இருந்ததாம். அரசாங்கப் படை வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தது.

1135இல் யுவே ஃபெய் என்ற தளபதி வந்தார். மலையில் மரம் வெட்டிக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, ஏரியிலிருந்து பிரியும் வாய்க்கால்களை அடைத்தார். அழுகிய கட்டை, புல், குப்பை எல்லாவற்றையும் மேலிருந்து மிதக்கவிட்டார். அப்புறம் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்துத் தொண்டை நல்ல ஆட்களை நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டச் சொன்னார். கோபத்தில் யாங் யாவ் ஆட்கள் கப்பலைத் திருப்பிக்கொண்டு துரத்தி வந்தார்கள், புல்லும் கட்டையும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மிதித்தால் நகரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. வெங்காயத்தாமரை மோட்டாரில் சுற்றினால் என்ன ஆகும் என்று ஊசுட்டேரியில் படகு ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

இந்த மக்களை அரசாங்க ஏடு எழுதியவர்கள் நீர்க்கொள்ளையர் என்று எழுதிவைத்தார்கள். தோற்றவன் பெயரை ஜெயித்தவன் எழுதுகிறான். எனக்கு அது ஏற்பாக இல்லை.

லாஸ்பேட்டை நூலகன்

பாகூர்த் தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். கொள்கை இருந்தால் கொள்ளை இல்லை என்று ஆகிவிடாது. பில் ஜான்ஸ்டனைப் பாருங்கள். ஒன்டாரியோ ஏரி செயின்ட் லாரன்ஸ் ஆறாக மாறும் இடத்தில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் தீவுகள். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் வழி தெரியாமல் படகில் மாட்டியவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதித் தீவு அமெரிக்கா, பாதித் தீவு கனடா. 1837இல் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கலகம். கலகக்காரர்களுக்குச் சரக்கு ஏற்றிய ‘கரோலின்’ என்ற கப்பலை நயாகராவில் பிரிட்டிஷ்காரர்கள் கொளுத்தினார்கள். பழிவாங்க 1838 மே மாத இறுதியில் ஒரு ராத்திரி, ஜான்ஸ்டனும் ஆட்களும் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ‘சர் ராபர்ட் பீல்’ என்ற பயணிகள் கப்பலில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த பயணிகளைக் கரையில் இறக்கிவிட்டு, பணத்தையும் பொருளையும் எடுத்துக்கொண்டு கப்பலைக் கொளுத்தினார்கள். பிறகு நான்தான் செய்தேன் என்று பெயர் போட்டு அறிக்கையே விட்டார். இரண்டு நாட்டு அரசாங்கமும் தேடியது. மாதக்கணக்கில் தீவு மாறித் தீவு ஒளிந்திருந்தார், மகள் கேட் ராத்திரியில் படகோட்டிப் போய்ச் சாப்பாடு கொடுத்தாள். பிடிபட்டு, சிறையில் இருந்து, மன்னிப்பு வாங்கி, கடைசியில் ராக் ஐலண்ட் கலங்கரை விளக்கத்துக்குக் காவலராக அரசாங்கமே அவரை வேலைக்கு வைத்தது. பீல் எரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த விளக்கு.

அவர் கலகக்காரர்தான். ஆனால் அந்தக் கப்பலில் பெட்டியை இழந்த பயணிக்கு அவர் யார்?

பாகூர் பொண்ணு

அதற்கும் ஒரு பதில் இருக்கிறது அண்ணா. மிச்சிகன் ஏரியில் பீவர் தீவு. ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற மார்மன் மதப்பிரிவுத் தலைவர் 1850இல் அங்கே தன்னை ராஜா என்று முடிசூட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்து மீனவர்கள் எல்லாம், வலையும் மீனும் படகும் காணாமல் போகிறது, எடுப்பது மார்மன்காரர்கள்தான் என்றார்கள். 1851இல் டெட்ராய்டில் வழக்கு நடந்து விடுதலையானார். 1856 ஜூனில் அவருடைய ஆட்களே அவரைத் துறையில் சுட்டார்கள். அவர் குண்டடிபட்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோதே கும்பல் கும்பலாக ஆட்கள் தீவில் இறங்கி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மார்மன் மக்களைக் கப்பலில் ஏற்றித் துரத்திவிட்டு வீடு, நிலம், மாடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏரியில் நடந்த பெரிய கொள்ளை அதுதான். அதற்கு யாரும் கொள்ளை என்று பெயர் வைக்கவில்லை. ஸ்ட்ராங்கைத்தான் இன்று வரை கொள்ளைக்கார ராஜா என்கிறார்கள்.

காட்டுமன்னார்கோவில் மடைக்காரன்

ரெண்டு பேரும் சரியாத்தான் பேசுறீங்க. ஆனா காவலுக்குக் கப்பல் எங்க போச்சு? இவ்வளவு பெரிய ஏரி, கடற்படை வைக்கலையா?

லாஸ்பேட்டை நூலகன்

வைக்கக்கூடாது என்று ஒப்பந்தம். 1812இல் தொடங்கிய யுத்தம் முடிந்த பிறகு 1817இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்–பேகட் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்டாரியோ ஏரியில் தலைக்கு ஒரு கப்பல், மேல் ஏரிகளில் இரண்டு, ஷாம்ப்ளேன் ஏரியில் ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரே பீரங்கி. சமாதானத்துக்கு அருமையான ஒப்பந்தம், காவலுக்குத்தான் ஆள் இல்லை. 1840களிலிருந்து ‘மிச்சிகன்’ என்ற ஒரே ஒரு இரும்புக் கப்பல்தான் அமெரிக்கா பக்கம் அத்தனை ஏரிக்கும். அரசாங்கக் காட்டில் மரம் திருடியவர்களைப் பிடிப்பதும் அதன் வேலை. 1864 செப்டம்பரில் உள்நாட்டுப் போர் நேரத்தில், தென்னாட்டுப் படையின் ஜான் யேட்ஸ் பீல் ஈரி ஏரியில் பயணிபோல ஏறி ‘ஃபைலோ பார்சன்ஸ்’ என்ற நீராவிக் கப்பலைக் கைப்பற்றி, இந்த ‘மிச்சிகனை’யே பிடித்து ஜான்சன் தீவுச் சிறையிலிருக்கும் கைதிகளை விடுவிக்கத் திட்டம் போட்டார். நடக்கவில்லை. 1865 பிப்ரவரியில் தூக்கு.

தேவனாம்பட்டினம் வலைக்காரன்

எல்லாம் படிச்சேன். பாகூர்ப் பொண்ணு சொல்றதும் சார் சொல்றதும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. மேல இருக்கிறவங்க சண்டையில யாரு கொள்ளைக்காரன்னு பேர் மாறிக்கிட்டே இருக்கு. வலையைப் பறிகுடுத்தவன் பேர் மட்டும் எந்தக் கதையிலயும் வரலை. ஒரு செட்டு வலை போச்சுன்னா நகை அடகுக்குப் போகும், புள்ள படிப்பு நிக்கும். இதை யாராச்சும் எழுதிவைக்கணும்.

வக்கீல் அம்மாகிட்ட ஒரு கேள்வி. அந்த ஆப்பிரிக்கா ஏரிக்காரங்க இதுக்கு என்னதான் பண்றாங்க? போலீஸ் வராதுன்னு ஆயிப்போச்சு. அப்புறம் எப்படித் தொழிலுக்குப் போறாங்க?

உப்பளம் வக்கீல்

அண்ணே, அங்கே மீன் இறங்குதுறைகளில் மீனவர் குழு வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி, ஆனால் அரசாங்கமே பதிவு செய்தது. எந்தப் படகு போனது, எத்தனை பேர், என்ன மோட்டார், எல்லாம் அவர்களிடம் பதிவு. எதிர்க்கரைக் குழுவோடு பேசி, காணாமல் போன மோட்டார் அந்தப் பக்கம் விற்பனைக்கு வந்தால் சொல்லிவிடுவார்கள், சில சமயம் இரு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேசிப் பொருளைத் திருப்பி வாங்கியும் தந்திருக்கிறார்கள். தனியாகப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். அரசாங்கத்துக் கோடு தாண்டாது, மீனவர் பேச்சு தாண்டும். போலீஸ் செய்ய முடியாததை இது கொஞ்சம் செய்கிறது, முழுக்க இல்லை.

நம் ஊரில் உங்கள் சித்தப்பா மகன் விஷயத்தில், எந்த எல்லை என்று தெரியாவிட்டாலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். எல்லை எது என்று விசாரிப்பது அவர்கள் வேலை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்திருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 310ஆவது பிரிவு, கூட்டுக்கொள்ளை. புகார் நகல் கையில் இருந்தால்தான் பின்னால் நிவாரணம் கேட்கவும் வழி. இன்ஜின் நம்பர், ஜிபிஎஸ் நம்பர், வாங்கின பில், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் கரையில் வீட்டாரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், படகிலேயே வைத்தால் அதுவும் போய்விடும்.

தேவனாம்பட்டினம் வலைக்காரன்

இன்ஜின் நம்பரைப் படம் எடுத்து வைக்கிறது நல்ல யோசனைம்மா, ஊர்த்தலைவர் நாட்டார்கிட்ட சொல்லி எல்லாப் படகுக்கும் செய்யச் சொல்றேன். சேர்ந்து போறது எங்ககிட்டயும் உண்டு, ஆனா மீன் பாடு நல்லா இருந்தா ஆளாளுக்குப் பிரிஞ்சு போயிடுவாங்க, அங்கதான் மாட்டிக்கிறது. சித்தப்பா மகன் நாளைக்குப் பாடு முடிஞ்சு வந்துடுவான். அவன்கிட்ட வாங்கின பில் இருக்கு, பழைய புகார்ச் சீட்டு மட்டும் இல்லை. மறுபடி எழுதிக் குடுக்கலாமா, ரொம்ப நாள் ஆயிடுச்சே?

உப்பளம் வக்கீல்

தாராளமாகக் கொடுக்கலாம் அண்ணே. தாமதத்துக்கு என்ன காரணம் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். முதலில் போனபோது வாங்கவில்லை என்பதையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். நேரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அவர் வந்ததும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.